நாள்பட்ட நோயோடு நரம்பு உளவியல் சோதனைக்குப் போகும்போது

"பதினோரு ஆண்டுகளாக லூபஸ். இரண்டு ஆண்டுகளாக மறதி. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவிவிடுகிறது. படித்த பத்தியையே மறுபடி படிக்கிறேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். இப்போது நரம்பு உளவியல் சோதனைக்கு அனுப்புகிறார்கள், ஆறு மணி நேரம் ஆகுமாம். என்னால் இரண்டு மணி நேரம்கூட நிமிர்ந்து உட்கார முடியாது. என்னதான் செய்வார்கள்? நான் நடிக்கிறேனா என்று பார்க்கவா? எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தச் சோதனைகளைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். நாள்பட்ட நோயோடு வருபவர்கள் கதவைத் திறக்கும்போதே உங்கள் கடைசிக் கேள்வி அவர்கள் முகத்தில் எழுதியிருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சோதனை என்பது அமைதியான ஓர் அறையில், எதிரே ஒரே ஒருவர் அமர்ந்து, ஒரு நேரத்தில் ஒரே வேலையைக் கொடுத்து, உங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடிகிறது என்று பார்ப்பது. லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் நோய்) போன்றவையோ பெரும்பாலும் வேறோர் இடத்தில் அடிக்கின்றன: அந்த அதிகபட்சத்தை எத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது, அதற்குப் பிறகு எத்தனை நாள் படுக்கையில் கிடக்கிறீர்கள் என்பதில். முதல் அளவு தாளில் தானாகப் பதிவாகிவிடும். இரண்டாவது அளவை நீங்கள்தான் அந்த அறைக்குள் கொண்டுவர வேண்டும். எப்படி என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

அதற்கு முன் ஒன்று. உங்கள் மறதிக்கு மருத்துவத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. மூட்டு, தசை நோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரூமட்டாலஜி 1999-ல் லூபஸில் காணப்படும் நரம்பு, மனநலப் பாதிப்புகள் என்று 19 வகைகளைப் பட்டியலிட்டது. அறிவாற்றல் குறைபாடு அவற்றில் ஒன்று. ஸ்கேன் மூளையின் வடிவத்தைக் காட்டுகிறது. அது எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதை அதில் பார்க்க முடியாது. மருத்துவர் மேசையில் வைத்தே பத்து நிமிடத்தில் நடத்தும் 30 மதிப்பெண் சோதனைகளிலும் அது பிடிபடுவது கடினம். முதுமை மறதி போன்ற வெளிப்படையான பாதிப்பைச் சல்லடையிட உருவானவை அவை. உங்களைப் போன்றவர்கள் அதில் 28, 29 வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டோமா இல்லையா என்று தெரியாமல் நிற்பார்கள்.

சரி, அன்று என்ன நடக்கும்? முதலில் பேச்சு. ஒரு மணி நேரம்வரை போகலாம். எப்போது தொடங்கியது, எந்த வேலையில் தடுமாறுகிறீர்கள், தூக்கம் எப்படி, தலையில் அடிபட்டதுண்டா, எதுவரை படித்தீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். படிப்பையும் வேலையையும் எதற்குக் கேட்கிறார்கள் என்று பலருக்கு எரிச்சல் வரும். நோய்க்கு முன் நீங்கள் எந்த உயரத்தில் நின்றீர்கள் என்பதை யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. படிப்பு, வேலை, சொல்வளம் ஆகியவற்றை வைத்துத்தான் அதை ஊகிக்க முடியும். ஆகவே இது தன்னடக்கம் காட்டும் இடம் இல்லை. நாற்பது பேரின் கணக்கைத் தலையிலேயே வைத்திருந்தவர் என்றால் அதைச் சொல்லுங்கள். ஒருமுறை படித்தால் மனத்தில் நிற்கும் என்று பெயர் வாங்கியவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

முடிந்தால் உங்களோடு வாழும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் பழகிப்போய்ச் சொல்ல மறந்ததை அவர் சொல்வார். ஆனால் சோதனை நடக்கும்போது அவர் வெளியேதான் இருக்க வேண்டும். தெரிந்தவர் பார்த்துக்கொண்டிருந்தாலே மதிப்பெண் மாறும்.

பிறகு வேலைகள். எண்களைக் கேட்டு அதே வரிசையிலும் பின் தலைகீழாகவும் சொல்வது. ஒரு சொற்பட்டியலைப் பலமுறை கேட்டு நினைவில் நிற்பதைச் சொல்வது. 20 அல்லது 30 நிமிடம் வேறு வேலை கொடுத்துவிட்டு அதே பட்டியலை மீண்டும் கேட்பார்கள். சிக்கலான ஒரு கோட்டுப்படத்தைப் பார்த்து வரைந்து, பிறகு பார்க்காமல் வரைவது. தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பது. 'பச்சை' என்ற சொல் சிவப்பு மையில் அச்சாகியிருக்க, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்வது. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட இந்த எளிய யோசனை இன்றும் கவனக் கட்டுப்பாட்டை அளக்கப் பயன்படுகிறது. 90 நொடிக்குள் குறியீடுகளுக்கு உரிய எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவது. துளைப் பலகையில் சிறு முளைகளை வேகமாகச் செருகுவது. இதற்குமேல் விவரிக்க மாட்டேன். நீங்களும் இணையத்தில் தேடிப் பயிற்சி செய்துவிட்டுப் போகாதீர்கள். பயிற்சியால் ஏறும் மதிப்பெண் உங்கள் சிரமத்தைத்தான் மறைக்கும்.

பல சோதனைகள் எளிதில் தொடங்கி, நீங்கள் தவறும்வரை கடினமாகிக்கொண்டே போகும். எல்லோரும் ஏதோ ஓரிடத்தில் தவறுவார்கள். அந்த இடம் எது என்பதுதான் தேடப்படுகிறது. நடத்துபவர் சரி, தவறு எதையும் சொல்ல மாட்டார், பெரும்பாலும் முகத்திலும் ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினால்தான் ஒப்பிட முடியும் என்பதால் அப்படி. பாதியில் கண்ணீர் விட்டவர்கள் என் அறையில் பலர் உண்டு. எல்லாவற்றிலும் தோற்றுவிட்டேன் என்று அழுதவர்களின் தாளைத் திருத்தும்போது நடுத்தரத்துக்கு மேல் இருந்ததும் உண்டு. அறைக்குள் உங்களுக்குத் தோன்றுவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மொழி பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எந்த மொழியில் கனவு காண்கிறீர்களோ, கணக்குப் போடுகிறீர்களோ, அந்த மொழியில் நடத்தக்கூடியவர் கிடைத்தால் நல்லது. இந்தச் சோதனைகள் பலவும் ஆங்கிலத்தில் பிறந்தவை. குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொல்லும் சோதனையைத் தமிழில் செய்தால், 'ப' என்றால் 'பா'வும் 'பு'வும் சேருமா என்ற கேள்வி உடனே எழும், தயங்காமல் கேளுங்கள். எண்களைத் திருப்பிச் சொல்வதிலும் மொழி புகுந்துகொள்கிறது. வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களை வைத்து 1980-ல் வெளியான ஓர் ஆய்வு, எண்ணுப்பெயர்களை உச்சரிக்க அதிக நேரம் எடுக்கும் மொழியில் நினைவில் நிற்கும் எண்களும் குறைகின்றன என்று காட்டியது. ஆகவே ஆங்கிலம் பேசுபவர்களிடம் எடுத்த சராசரியோடு உங்களை ஒப்பிட்டிருந்தால், அறிக்கையில் அதைக் குறிப்பிடச் சொல்வது உங்கள் உரிமை.

நடிக்கிறேனா என்று பார்ப்பார்களா? நேராகவே சொல்கிறேன்: முழு முயற்சி கொடுக்கப்படுகிறதா என்று பார்க்கும் அளவுகள் இந்தச் சோதனைத் தொகுப்புகளில் வழக்கமாக இருக்கும், யார் வந்தாலும். உங்கள்மேல் சந்தேகம் வந்து சேர்த்தவை அல்ல. உண்மையான மூளைப் பாதிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோர்கூடத் தேறும் அளவுக்கு அவை எளிதாக வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் தேறினால் மற்ற மதிப்பெண்களை யாரும் "மனசு வைக்கவில்லை" என்று தள்ளிவிட முடியாது. உங்களுக்கு அது கவசம். அது உடைவது எப்போது தெரியுமா? களைத்துப்போனதைச் சொல்லாமல், எப்படியாவது முடிந்தால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கும்போது. "என் சிரமம் இவர்களுக்குப் புரியட்டும்" என்று வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்திச் செய்வதும் அப்படித்தான். இரண்டையும் செய்யாதீர்கள். முடிந்தவரை முயலுங்கள், முடியாதபோது முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனி களைப்பு. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆறு மணி நேரத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இரண்டு அல்லது மூன்று நாள்களாகப் பிரிக்கலாம். நேரம் குறிக்கும்போதே தொலைபேசியில் இதைக் கேளுங்கள், அங்கே போய்க் கேட்கலாம் என்று விடாதீர்கள். உங்களுக்கு எந்த நேரம் தெளிவான நேரம் என்று கேட்டு அதில் வைப்பார்கள். இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. தெளிவான நேரத்தில், ஓய்வெடுத்துவிட்டு, துண்டு துண்டாகச் செய்தால் உங்கள் மதிப்பெண் உயரும். அது பொய்யான உயர்வு இல்லை, உங்கள் உண்மையான திறன் அது. ஆனால் உங்கள் அன்றாடம் அப்படி நடப்பதில்லையே! எனவே முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "என் நல்ல நேரத்தில் என்னைப் பார்க்கிறீர்கள். மூன்றாவது மணி நேரத்தில் நான் எப்படி இருப்பேன் என்பதும் எங்காவது பதிவாக வேண்டும்." தொடக்கத்தில் செய்த வேலையைப் போன்ற ஒன்றைக் கடைசியில் மீண்டும் கொடுத்துப் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று உறுதி கூற முடியாது. நான் செய்வேன், இரண்டுக்கும் இடையிலான சரிவு சில சமயம் மற்ற எல்லா எண்களையும்விட அதிகம் பேசும்.

நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் கூர்மையானது. உடல் உழைப்போ மூளை உழைப்போ எல்லை தாண்டினால், பாதிப்பு அன்றே தெரியாமல் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வந்து வீழ்த்துவது அந்த நோயின் அடையாளம். சோதனை அறையில் நன்றாகச் செய்துவிட்டு, நான்கு நாள் எழ முடியாமல் கிடப்பார்கள். தாளில் அந்த நான்கு நாள் இருக்காது. லூபஸிலும் கடும் களைப்பு பலருக்கு உண்டு என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்: சோதனைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் ஒரு சிறு நோட்டில் எழுதிவாருங்கள். எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எது தவறியது. "மறதி அதிகம்" என்று எழுதினால் பயன் குறைவு. "மாலை நான்கு மணி, தங்கையிடம் பேசி முடித்த பத்தாவது நிமிடம், யாரிடம் பேசினேன் என்பது மறந்துபோனது" என்று எழுதுங்கள். அத்தகைய ஒரு வரி எனக்குப் பத்து எண்களுக்குச் சமம்.

மற்ற நோய்களுக்கும் அதற்கான நேரக் கணக்கு உண்டு. டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது சிந்தனை மந்தமாக இருக்கும், அதனால் அப்போது சோதிப்பது சரியல்ல. மறுநாள் வைப்பது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைப் பார்த்துவிட்டு உட்கார வேண்டும். 70-க்குக் கீழே இறங்கினால் அன்று அளப்பது சர்க்கரைக் குறைவையே. நரம்புறை தேயும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயாளிகளில் பலருக்கு அறை சூடாக இருந்தாலே தடுமாற்றம் கூடும். உங்களுக்கு நேர்மாறாகக் குளிர் ஆகாமல் இருக்கலாம். லூபஸில் பலருக்குக் குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். சால்வையும் கையுறையும் எடுத்துப்போங்கள். விரல் மூட்டு வீங்கியிருந்தால் எழுதும் வேலைக்கு முன்பே சொல்லுங்கள். கை வலியால் மெதுவாக எழுதியது மூளை மெதுவாக இயங்கியதாகப் பதிவாகிவிடும். குறியீட்டுச் சோதனை போன்ற சிலவற்றை வாயால் சொல்லியே செய்யலாம். கண்ணாடி, காது கருவி இருந்தால் மறக்கவே கூடாது.

மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். "மருந்தின் மந்தம் இல்லாமல் போகிறேன்" என்று ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வழக்கமாகப் போடுவதை வழக்கமான நேரத்தில் போட்டுவிட்டு, முழுப் பட்டியலையும் அளவோடு எழுதி எடுத்துப்போங்கள். கடையில் வாங்கிப் போடும் சளி மாத்திரையும் தூக்க மாத்திரையும் அதில் இருக்க வேண்டும். பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், சில நரம்புவலி மருந்துகள், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டோபிராமேட் போன்றவை நினைவையும் சொல்லெடுப்பையும் தடுக்கக்கூடியவை. சோதனையின் பெரிய பயன் சில சமயம் இங்கேதான் கிடைக்கிறது: ஒரு மருந்து மாற்றம், கண்டுபிடிக்கப்படாத தூக்க மூச்சுத்திணறல், தைராய்டு, பி12 குறைவு, ரத்தசோகை. சரிசெய்யக்கூடியவை இவை.

அன்று காய்ச்சல், நோய் திடீரென்று தீவிரமான நிலை, முந்தைய இரவு தூக்கமே இல்லை என்றால் தொலைபேசியில் சொல்லித் தள்ளிவையுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மனச்சோர்வு, பதற்றம் பற்றிய வினாத்தாள்களும் வரும். களைப்பு, தூக்கக் கோளாறு, பசியின்மை ஆகியவற்றுக்கு அவற்றில் மதிப்பெண் உண்டு. இவை மூன்றும் உங்கள் உடல்நோயாலேயே வரக்கூடியவை. உண்மையைக் குறியுங்கள், பக்கத்தில் "இது லூபஸால்" என்று எழுதியும் வையுங்கள். அதே சமயம், மனம் சோர்ந்திருந்தால் மறைக்காதீர்கள். பதினோரு ஆண்டு நோயில் மனம் சோராமல் இருந்தால்தான் வியப்பு. சோர்வும் கவனத்தைத் தின்கிறது என்று அறிக்கை சொன்னால், "எல்லாம் உன் கற்பனை" என்று அதற்குப் பொருள் இல்லை. சிகிச்சை தர இன்னோர் இடம் இருக்கிறது என்று பொருள்.

இப்போது அறிக்கை. நாமெல்லாம் பள்ளித் தேர்வில் வளர்ந்தவர்கள், எண்ணைப் பார்த்ததும் தேர்ச்சியா தோல்வியா என்று மனம் தேடும். "25-ஆவது சதமானம்" என்று இருந்தால் நூற்றுக்கு 25 மதிப்பெண் என்று நினைத்து ஒடிந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வயதுக்காரர்கள் நூறு பேரில் 25 பேர் உங்கள் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். அது நடுத்தரத்துக்குள் அடங்கும். பல சோதனைகளில் சராசரி 100, திட்ட விலகல் (சராசரியைச் சுற்றி மதிப்பெண்கள் பரவும் அளவு) 15 என்று வைத்திருப்பார்கள். 85-க்கும் 115-க்கும் இடையில் மூன்றில் இரண்டு பேர் இருப்பார்கள்; முழு ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலும் சுமார் 16 விழுக்காட்டினர் 85-க்குக் கீழே வருவார்கள். இருபது சோதனை செய்தால் எவருக்கும் இரண்டு மூன்று தாழ்ந்துதான் வரும். அதனால் தனி எண்ணில் கண் வைக்காதீர்கள், எவையெல்லாம் சேர்ந்து தாழ்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.

அந்தச் சேர்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. சொற்பட்டியலை அரை மணி கழித்துக் கேட்டபோது பாதிதான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, "இந்தச் சொல் பட்டியலில் இருந்ததா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். அப்போது பெரும்பாலானவற்றைச் சரியாக அடையாளம் காட்டினால், செய்தி உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம். அலமாரியில் பொருள் இருக்கிறது, கை எட்டவில்லை. அல்சைமர் நோயில் பெரும்பாலும் அப்படி இருக்காது. குறிப்புக் கொடுத்தாலும் வராது, ஏனென்றால் உள்ளே பதியவே இல்லை. லூபஸ் போன்ற நோய்களில் வேகக் குறைவும் இப்படி எடுக்கத் தடுமாறுவதும் சேர்ந்து வருவதையே அதிகம் காண்கிறோம். முதுமை மறதி வந்துவிட்டதோ என்று தூங்காமல் கிடப்பவர்களுக்கு இந்த ஒரு விவரம் ஆறுதல். பழகிக்கொள்ளும் வழியையும் அதுவே காட்டுகிறது: எழுதி வைத்தல், நினைவூட்டும் குறிப்பு, அவசரப்படுத்தாத சூழல் ஆகியவை இவர்களுக்கு நன்றாகவே உதவும்.

எல்லாம் சரியாக வந்துவிட்டால் என்ற கேள்விக்கு வருகிறேன். "இயல்பான வரம்பு" என்பது உங்கள் வயதுக்காரர்களின் வரம்பு, உங்களுடையது அல்ல. நூறில் தொண்ணூறு பேரைவிட மேலே இருந்தவர் ஐம்பதாவது இடத்துக்கு இறங்கினால் தாளில் இயல்பு, அவர் வாழ்க்கையில் பெரிய இழப்பு. அதற்காகத்தான் பழைய படிப்பையும் வேலையையும் விடாமல் சொல்லச் சொன்னேன். எல்லா அளவிலும் குறையே இல்லை என்று வந்தாலும், அமைதியான அறையில் அந்த நேரத்துக்கு உங்கள் மூளை தாங்கியது என்பது மட்டும்தான் நிரூபணம். மூளையின் கருவிகள் கெடவில்லை என்பது நல்ல செய்தி, அதை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன களைப்பு பொய் என்று அதிலிருந்து யாராவது முடிவுகட்டினால் அந்த முடிவு தவறு. சோதனை அதை அளக்கவே இல்லை.

அறிக்கை வர வழக்கமாகச் சில வாரங்கள் ஆகும். அதைத் தபாலில் வாங்கிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள், உட்கார்ந்து விளக்கும் சந்திப்பு ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். அலுவலகத்தில் வேலை நேரத்தை மாற்றிக் கேட்க வேண்டியிருந்தால், அதற்குத் தேவையான பரிந்துரைகளைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள்: இடைவேளை, எழுத்தில் அறிவுறுத்தல், ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று. இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்றால் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளி விடுவார்கள். சீக்கிரம் செய்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். இந்த முதல் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். ஐந்தாண்டு கழித்து ஏதாவது மாறினால், எங்கிருந்து மாறியது என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது இது ஒன்றுதான்.

சோதனை நாளில் நீங்களே வண்டி ஓட்டித் திரும்பாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாள்களில் எத்தனை மணி நேரம் படுத்திருந்தீர்கள், எப்போது மீண்டும் ஒரு பக்கம் படிக்க முடிந்தது, எந்தச் சொல் வரவில்லை என்று அதே நோட்டில் எழுதி, அறிக்கை எழுதப்படுவதற்கு முன்பே நடத்தியவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்களைச் சோதித்தவர் அப்போது உங்களோடு இல்லை. அந்தப் பக்கத்தை அவருக்கு நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.